தூத்துக்குடி தெர்மலை மூடணுமா, ஓட்டணுமா? அஞ்சு யூனிட்டுக்கும் ஒரே பதில் கிடையாது

தூத்துக்குடி தெர்மல், அதாவது நிலக்கரில ஓடுற அனல் மின் நிலையம் பத்தி பேச்சு வந்தாலே ரெண்டு கட்சியா பிரிஞ்சுடுறாங்க. "அரதப் பழசு, ஊரையே புகையாக்குது, இன்னைக்கே இழுத்து மூடு"ன்னு ஒரு பக்கம். "அது இல்லன்னா தென் மாவட்டம் பூரா இருட்டுல கெடக்கும், கை வைக்காத"ன்னு இன்னொரு பக்கம். ரெண்டு பேர் சொல்றதுலயும் உண்மை இருக்கு. ஆனா ரெண்டு பேருமே அஞ்சு யூனிட்டையும் ஒரே மூட்டையா கட்டி வச்சுத்தான் பேசுறாங்க, அதான் எனக்கு ஒத்துக்கல. முதல் யூனிட் 1979 ஜூலைல ஓட ஆரம்பிச்சது, ரெண்டாவது 1980 கடைசில, மூணாவது 1982ல. அதுக்கப்புறம் கிட்டத்தட்ட பத்து வருஷம் எதுவும் வரல, நாலும் அஞ்சும் 1991, 92ல தான் வந்துச்சு. எல்லாமே 210 மெகாவாட், மொத்தம் 1050. ஒரு அனல் யூனிட்டுக்கு 25 வருஷம்தான் ஆயுள்னு கணக்கு போட்டு கட்டுவாங்க, அப்படி பாத்தா முதல் மூணும் 2007க்குள்ளயே ஆயுள் முடிஞ்சு இன்னும் ஓடிட்டு இருக்கு. அம்பதை நெருங்குற மெஷினுக்கும் முப்பத்தஞ்சை நெருங்குற மெஷினுக்கும் ஒரே முடிவு எப்படி சரியா வரும்?

அதனால இங்க இருக்குற வழிகளை ஒவ்வொண்ணா எடுத்து பாப்போம். இப்படியே ஓட்டுறது, கோடிக்கணக்குல போட்டு புதுப்பிக்கிறது, இடிச்சிட்டு அதே இடத்துல புது சூப்பர் கிரிட்டிகல், அதாவது ரொம்ப அதிக அழுத்தத்துல ஓடி நிலக்கரிய கம்மியா எரிக்கிற நிலையம் கட்டுறது, ஒரேயடியா மூடுறது, தேதி சொல்லி படிப்படியா மூடிட்டு இடத்தை பேட்டரிக்கும் கிரிட்டுக்கும் (கரண்டை எல்லா ஊருக்கும் கொண்டு போற மின்கட்டமைப்பு) பயன்படுத்துறது. என் ஓட்டு கடைசி வழிக்குத்தான், ஆனா அதுலயும் ஒரு திருத்தம் இருக்கு, அதை அந்த இடத்துல சொல்றேன்.

முதல்ல இந்த நிலையம் இப்ப என்ன வேலை செய்யுதுன்னு பாக்கணும். 1980கள்ல இதோட வேலை ரொம்ப நேரானது, 24 மணி நேரமும் ஃபுல் லோடுல ஓடு, கரண்ட் குடு, அவ்வளவுதான். இன்னைக்கு நிலைமையே வேற. தமிழ்நாட்டுல காத்தாலை மட்டும் 11,000 மெகாவாட்டுக்கு மேல இருக்கு, அதுல பெரும்பங்கு முப்பந்தல், கயத்தாறு, திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம்தான். சோலாரும் 10,000 மெகாவாட் தாண்டிருச்சு. மே கடைசில இருந்து செப்டம்பர் வரைக்கும் காத்து நல்லா அடிக்கிறப்ப இந்த தெக்கு மூலைல கரண்ட் வெளிய போக லைன் பத்தாம காத்தாலையவே நிறுத்தி வைக்க சொன்ன காலமும் இருந்துச்சு. அந்த மாசங்கள்ல இங்க நிலக்கரி எரிச்சா அதுவும் அதே லைன்லதான் போட்டிக்கு நிக்கும். மதியம் சோலார் உச்சத்துல இருக்கும்போதும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

அப்ப தெர்மல் தேவையே இல்லையான்னா, இருக்கு. மாநிலத்தோட உச்ச தேவை 20,830 மெகாவாட், 2024 மே 2ம் தேதி பதிவானது. அந்த தேதியைக் கொஞ்சம் கவனிங்க, கத்திரி வெயில் தொடங்க ரெண்டு நாள் இருக்கு, காத்து சீசன் இன்னும் ஆரம்பிக்கல. பிப்ரவரி கடைசில இருந்து மே பாதி வரைக்கும் காத்து படுத்துரும், வெயில் ஏறும், பகல்ல சோலார் தாங்கிடும், ஆனா சாயங்காலம் ஆறரைக்கு அப்புறம் சோலார் மொத்தமா போயிரும், அதே நேரத்துல வீட்டு ஏசி, லைட்டு, கடை எல்லாம் ஏறும், நைட்டு புழுக்கமா இருந்தா அந்த லோடு ஒரு மணி ரெண்டு மணி வரைக்கும் கூட இறங்காது. அந்த மூணு மாசத்து சாயங்காலமும் ராத்திரியும்தான் இன்னைக்கு தூத்துக்குடி தெர்மலோட உண்மையான வேலை. அதோட கிரிட்டுல வோல்டேஜை பிடிச்சு வைக்கிறது, எங்கயாவது ஃபால்ட் ஆனா அதிர்வெண் சட்டுனு விழாம கனமா சுத்திக்கிட்டு இருக்குறது, இதெல்லாம் மீட்டர்ல யூனிட்டா தெரியாத வேலை. காத்தாலையும் சோலாரும் நெறஞ்ச மூலைல இதுக்கு மதிப்பு ஜாஸ்தி.

இனி முதல் வழி, இப்படியே ஓட்டுறது. கைக்காசு போடாத வழி மாதிரி தெரியும், ஆனா எல்லாத்தையும் விட குழப்பமானது இதுதான். கிரிட்டு இப்ப கேக்குறது என்னன்னா, மதியம் லோடை இறக்கு, சாயங்காலம் ஏத்து. மத்திய மின்சார ஆணையம் 2023ல கொண்டு வந்த விதிப்படி நிலக்கரி யூனிட் எல்லாம் 55 சதவீதம் வரைக்கும் இறங்கி ஓடத் தெரியணும், பிற்பாடு படிப்படியா 40 சதவீதம். 210 மெகாவாட் யூனிட்டுக்கு 55ன்னா சுமார் 115 மெகாவாட், 40ன்னா 84. அவ்வளவு கீழ இறங்குனா பாய்லருக்குள்ள தீ நிலையா நிக்காது, எண்ணெய் ஊத்தி தாங்கிப் பிடிக்கணும், ஒரு யூனிட் கரண்டுக்கு ஆகுற நிலக்கரியும் கூடும். தினம் ஏத்தி இறக்குனா டியூப், ஹெடர், டர்பைன் கேசிங் எல்லாம் சூடாகி விரிஞ்சு, ஆறி சுருங்கி, வெல்டிங் இருக்குற இடத்துல விரிசல் விடும். கிரிட்டு எந்த வேலையைக் கேக்குதோ அந்த வேலைதான் பழைய மெஷினை சீக்கிரம் கொல்லுது, இந்த விவாதத்துல யாரும் இதை சரியா பேசறதில்ல.

டியூப் லீக்னா என்னன்னு வெளிய இருக்குறவங்களுக்கு சொல்றேன், ஏன்னா பேப்பர்ல "தொழில்நுட்ப கோளாறு, 210 மெகாவாட் பாதிப்பு"ன்னு ஒரே வரில முடிச்சிடுவாங்க. நம்ம ஊர் நிலக்கரில 35, 40 சதவீதம் சாம்பல், அதுல மணல் மாதிரி கடினமான துகள் நிறைய, அது புகையோட வேகமா போறப்ப டியூபை வெளிப்பக்கமா அரிச்சுக்கிட்டே இருக்கும். சுவர் மெலிசாகி ஒரு நாள் ஓட்டை விழும். பாய்லருக்கு ஈடுகட்ட ஊத்துற மேக்கப் தண்ணி திடீர்னு ஜாஸ்தியா குடிக்குதேன்னு கண்ட்ரோல் ரூம்ல முதல்ல அதுலதான் தெரியும், அப்புறம் பாய்லர் பக்கத்துல போனா உஸ்ஸுனு சத்தம். யூனிட்டை நிறுத்தணும். உடனே உள்ள போக முடியாது, ஃபேன் போட்டு ஆற வைக்கணும், உள்ள சாரம் கட்டணும், எந்த டியூப்னு தேடணும், அதுக்குள்ள அந்த ஓட்டைல இருந்து பீச்சுன ஸ்டீம் பக்கத்து டியூபையும் அறுத்து வச்சிருக்கும். வெட்டி எடுத்து புது துண்டு வச்சு வெல்டு பண்ணி, எக்ஸ்ரே பாத்து, தண்ணி நெரப்பி பிரஷர் டெஸ்ட் பண்ணி, திரும்ப எண்ணெய்ல தீ வச்சு, ஸ்டீமை 540 டிகிரி பக்கம் கொண்டு போய், டர்பைனை 3000 சுத்துக்கு ஏத்தி, கிரிட்டுல இணைச்சு, மெல்ல லோடு ஏத்தணும். எல்லாம் நல்லபடியா நடந்தாலே ரெண்டு மூணு நாள். இது நம்ம மே மாச உச்சத்துல நடந்தா அந்த 210 மெகாவாட்டை கரண்ட் வாங்கி விக்கிற எக்ஸ்சேஞ்சுல என்ன விலை சொன்னாலும் வாங்கணும். கரெக்டா தேவைப்படுற ராத்திரில நிக்காம ஓடும்னு நம்ப முடியாத யூனிட்டை "பேக்கப்"னு சொல்லி வச்சிருக்குறது நம்மள நாமே ஏமாத்திக்கிறது.

2025 மார்ச்ல அங்க கேபிள் தீப்பிடிச்சு பழைய யூனிட்டுங்க நின்னதும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதுக்கு முந்தி 2024 டிசம்பர்ல மேட்டூர் அனல் நிலையத்துல நிலக்கரி கொட்டி வைக்கிற பங்கர் சரிஞ்சு விழுந்து ரெண்டு ஒப்பந்த தொழிலாளிங்க உயிர் போச்சு. பழைய நிலையத்தை அப்படியே ஓட்டலாம்னு சுலபமா சொல்றவங்க, அந்த பங்கருக்கு கீழயும் கன்வேயர் பக்கத்துலயும் யாரு நிக்கிறாங்கன்னு நினைச்சுப் பாக்கணும்.

ரெண்டாவது வழி, ஆர் அண்ட் எம், அதாவது புதுப்பிச்சு ஆயுளை நீட்டிக்கிறது. பாய்லர் டியூப் பேனல், டர்பைன் ரோட்டார், சாம்பல் பிடிக்கிற இ.எஸ்.பி., கண்ட்ரோல் சிஸ்டம் எல்லாத்தையும் மாத்துனா இன்னும் பதினஞ்சு வருஷம் தாங்கும், செயல்திறனும் கொஞ்சம் ஏறும். இந்த யூனிட்டெல்லாம் பி.எச்.இ.எல். செஞ்சது, இதே 210 மெகாவாட் வகை நாடு பூரா இருக்கு, அதனால பார்ட்ஸும் கிடைக்கும், வேலை தெரிஞ்ச ஆளும் கிடைப்பாங்க. 2010 வாக்குல செஞ்சிருந்தா நானே சரின்னு சொல்லியிருப்பேன்.

ஆனா இப்ப கணக்கு மாறிடுச்சு. ஒரு 210 மெகாவாட் யூனிட் வருஷத்துல 80 சதவீதம் ஓடுனா சுமார் 147 கோடி யூனிட் கரண்ட் வரும். சோலாரும் காத்தும் ஏற ஏற அது 30 சதவீதத்துக்கு இறங்குனா 55 கோடி யூனிட்தான். புதுப்பிச்ச கடனுக்கு வருஷம் 100 கோடி கட்டணும்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்குங்க, முதல் கணக்குல யூனிட்டுக்கு 68 பைசா ஏறும், ரெண்டாவது கணக்குல 1 ரூபா 80 பைசா ஏறும். இது நிலக்கரி விலைக்கு மேல. அந்த நிலக்கரியும் சும்மா வரல, ஒடிசா தால்சேர்ல தோண்டி, ரயில்ல பாரதீப் கொண்டு வந்து, கப்பல்ல ஏத்தி, பாக் ஜலசந்தில ஆழம் இல்லாததால இலங்கையையே சுத்தி தூத்துக்குடி ஜெட்டிக்கு வந்து, அங்கிருந்து கன்வேயர்ல போகுது. எரிக்கப் போற ஒவ்வொரு டன்னும் ஒரு தீவையே சுத்திக்கிட்டு வருது, அதுல மூணுல ஒரு பங்குக்கு மேல சாம்பல். சாம்பலைக் கப்பல் வாடகை குடுத்து சுமந்துட்டு வந்து சாம்பல் குளத்துல கொட்டுறோம். சுரங்க வாசல்லயே இருக்குற நிலையத்தோட விலைல இது என்னைக்கும் போட்டி போட முடியாது, அதனால மலிவானதை முதல்ல ஓட்டுங்குற வரிசைல இது பின்னாடிதான் நிக்கும், ஓடுற நேரம் இன்னும் குறையும், புதுப்பிச்ச கடன் இன்னும் பாரமாகும்.

நாலாவது, அஞ்சாவது யூனிட்டுக்கு மட்டும் சின்ன அளவுல செய்யலாம். ஆயுளை நீட்டுறதுக்குன்னு இல்லாம, கீழ் லோடுல நிலையா ஓடறதுக்கும் வேகமா ஏத்தி இறக்குறதுக்கும் தேவையான கண்ட்ரோல் வேலை, மெலிஞ்சு போன டியூப் மாத்துறது, கேபிள் கேலரில தீத்தடுப்பு, இ.எஸ்.பி. சரி பண்றது. இதுக்கு ஆகுற செலவு ஒரு அளவுக்குள்ள நிக்கும். முதல் மூணுக்கு பெரிய ஆர் அண்ட் எம்ங்குறத நான் ஏத்துக்கவே மாட்டேன்.

மூணாவது வழி, இடிச்சிட்டு அதே இடத்துல 660 மெகாவாட் சூப்பர் கிரிட்டிகல். இதுக்கு நியாயமான வாதம் உண்டு, மறைக்க வேண்டாம். அதே கரண்டுக்கு பழைய யூனிட்டை விட பத்துல இருந்து பதினஞ்சு சதவீதம் வரைக்கும் நிலக்கரி கம்மி. புகை விதியும் கடுமை. 2015 டிசம்பர்ல வந்த விதில 2003க்கு முந்தின யூனிட்டுக்கு தூசு அளவு ஒரு கன மீட்டருக்கு 100 மில்லிகிராம் வரை விட்டிருக்காங்க, 2017க்கு அப்புறம் வர்ற யூனிட்டுக்கு வெறும் 30. ஒரே ஊர்ல ஒரே காத்தை சுவாசிக்கிறோம், ஆனா பழைய புகைபோக்கிக்கு மூணு மடங்குக்கு மேல சலுகை. தேசிய தூய காற்று திட்டத்துல தரம் எட்டாத நகரங்க பட்டியல்ல தூத்துக்குடியும் இருக்குங்குறத இதோட சேத்து பாக்கணும். புகைல இருந்து கந்தகத்தை பிடிக்கிற எஃப்.ஜி.டி. கருவிக்கான விதியையும் 2025 ஜூலைல பல நிலையங்களுக்கு தளர்த்திட்டாங்க, அதனால பழைய யூனிட் சுத்தமா மாறும்னு காத்திருக்கிறதுல அர்த்தம் இல்ல.

ஆனா அந்த புது சூப்பர் கிரிட்டிகல் ஏற்கனவே அதே மாவட்டத்துல எழும்பியாச்சே. உடன்குடில 660 மெகாவாட்ல ரெண்டு, மொத்தம் 1320, திட்ட மதிப்பு சுமார் 13,000 கோடி. அதாவது மெகாவாட்டுக்கு பத்து கோடி. 2017ல ஒப்பந்தம் குடுத்தது, எத்தனை தடவை தேதி தள்ளிப்போச்சுன்னு நாம எல்லாரும் பாத்தோம். எண்ணூர்ல நடந்ததையும் பாத்தோம், 450 மெகாவாட் பழைய நிலையத்தை 2017 மார்ச் 31ல மூடுனாங்க, பக்கத்துல 660 மெகாவாட் வரும்னாங்க, எடுத்த கம்பெனி திவாலாகி வேலை நின்னு, அங்கிருந்து இன்னும் கரண்ட் வரல. இதுக்கு மேல தூத்துக்குடி மூலைல என்.டி.பி.எல்.ங்குற நிலக்கரி நிலையம் 1000 மெகாவாட், தனியார் நிலையங்க வேற, கூடங்குளத்துல 2000 மெகாவாட் அணு மின்சாரம். இவ்வளவு இருக்குற மூலைல இன்னொரு 25, 30 வருஷத்துக்கு நிலக்கரிய கட்டிப்போடுறது எனக்கு சரியா படல. "தெர்மல் மூடுனா தென் மாவட்டம் இருட்டு"ங்குற பயத்துக்கும் இதுலயே பதில் இருக்கு. 1050 போனாலும் இந்த மூலைல உற்பத்தி பத்தாம போகாது. பத்தாம போகக்கூடியது சாயங்கால நேரத்து உற்பத்தி, அதுவும் சில மாசத்துக்கு.

நாலாவது வழி, ஒரேயடியா மூடுறது. சுற்றுச்சூழல் பக்கம் நிக்கிற நண்பர்கள் மேல எனக்கு மரியாதை உண்டு, அவங்க சொல்ற காரணம் ஒவ்வொண்ணும் உண்மை. காரப்பாடு விரிகுடாவுல விழுற சுடுதண்ணி, மன்னார் வளைகுடாங்குற பவளப்பாறை காப்பகத்து வாசல்ல இருக்குற சாம்பல் குளம், உப்பளத்து மேல படியுற தூசு, ஸ்ரீவைகுண்டம் அணைல இருந்து 20 எம்.ஜி.டி. (ஒரு நாளைக்கு ரெண்டு கோடி காலன்) திட்டத்துல விவசாயத்தை தாண்டி தொழிற்சாலைக்கு போற தாமிரபரணி தண்ணி, எல்லாமே அந்த மண்ணுல வாழுறவங்க தலைல விழுது. ஆனா திடீர்னு மூடுனா என்ன ஆகும்னு ஆஸ்திரேலியாவுல பாத்தாச்சு. விக்டோரியா மாநிலத்துல ஹேசல்வுட்னு 1600 மெகாவாட் நிலையம், 2016 நவம்பர்ல மூடப்போறோம்னு சொல்லி 2017 மார்ச்ல மூடிட்டாங்க, அஞ்சே மாசம். மொத்த விலை எகிறுச்சு, லாட்ரோப் பள்ளத்தாக்குல வேலை போனவங்களுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கல. அதுக்கப்புறம்தான் மூடுறதுக்கு மூணு வருஷம் முன்னாடியே சொல்லியாகணும்னு அங்க விதி கொண்டு வந்தாங்க. அதே நாட்டுல லிடெல் நிலையத்தை மூடப்போறோம்னு 2015லயே சொல்லிட்டு 2023 ஏப்ரல்ல மூடுனாங்க, அந்த இடத்துலயே 500 மெகாவாட் பேட்டரி வைக்கிறாங்க. ரெண்டும் நிலக்கரி நிலையம், ரெண்டும் மூடியாச்சு, வித்தியாசம் பூரா முன்கூட்டியே தேதி சொன்னதுலதான்.

நம்ம ஊர்லயே நல்ல உதாரணம் இருக்கு. நெய்வேலி முதல் அனல் மின் நிலையம், சோவியத் உதவியோட 1962ல முதல் யூனிட் ஓடுனது, 600 மெகாவாட். அதை 2020 செப்டம்பர்ல முழுசா நிறுத்துனாங்க, எப்படின்னா பக்கத்துல 1000 மெகாவாட் புது நிலையத்தோட முதல் யூனிட் ஓட ஆரம்பிச்ச பிறகு. எண்ணூர் மாதிரி முதல்ல மூடிட்டு அப்புறம் தேடல.

அதனால அஞ்சாவது வழி, தேதி சொல்லி படிப்படியா மூடுறதுதான் என் வழி. முதல் மூணு யூனிட்டுக்கு இப்பவே தேதி அறிவிக்கணும், அந்த தேதி உடன்குடியோட ரெண்டு யூனிட்டும் ஒரு முழு கோடைய நிக்காம ஓட்டிக் காமிச்சதுக்கு அப்புறம்னு கட்டிப்போடணும். "கமிஷன் ஆயிடுச்சு"ங்குற அறிவிப்பு பத்தாது, புது யூனிட் முதல் வருஷத்துல அடிக்கடி டிரிப் ஆகி திடீர்னு நிக்கும், அது இயல்பு. 2023 ஜனவரில மத்திய மின்சார ஆணையம் 2030 வரைக்கும் எந்த அனல் யூனிட்டையும் ரிடையர் பண்ண வேண்டாம்னு சொல்லியிருக்கு, அதுவும் இந்த கால அளவோட கிட்டத்தட்ட ஒத்துத்தான் வருது, அதுவரைக்கும் பாதுகாப்பா ஓடற அளவுக்கு மட்டும் செலவு பண்ணா போதும். நாலும் அஞ்சும் பிப்ரவரில இருந்து மே வரைக்கும் ஓடத் தயாரா நிக்கணும், காத்து சீசன்ல நிறுத்தி வச்சு நிதானமா பராமரிப்பு பாக்கணும், தினம் ஏத்தி இறக்கி அடிச்சு சாகடிக்கக் கூடாது.

தினசரி ஏத்தி இறக்குற வேலைய பேட்டரிக்கு குடுங்க. அந்த நிலையத்துல பெரிய சொத்து என்னன்னு கேட்டா நான் பாய்லரை சொல்ல மாட்டேன், கரண்டை லைன்ல ஏத்தி விடுற 230 கே.வி. சுவிட்ச்யார்டையும் அதுல இருந்து போற லைனையும்தான் சொல்லுவேன். புதுசா லைன் போட வழித்தடம் வாங்குறது எவ்வளவு பாடுன்னு மின்வாரியத்துல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. இங்க லைன் ரெடியா நிக்குது. ஒரு 210 மெகாவாட் யூனிட் சாயங்காலம் நாலு மணி நேரம் குடுக்குறத பேட்டரி குடுக்கணும்னா 840 மெகாவாட் மணி வேணும், பதினஞ்சு சதவீதம் நஷ்டம் வச்சா மதியம் சோலார்ல இருந்து கிட்டத்தட்ட 1000 மெகாவாட் மணி ஏத்தணும். மதியம் வேண்டாம்னு ஒதுக்குற கரண்டே இதுக்கு ஆகும். லோடு ஏத்தச் சொன்னா பாய்லர் நிமிஷக்கணக்குல ஏறும், பேட்டரி ஒரு நொடிக்குள்ள குடுத்திரும். காடம்பாறைல 400 மெகாவாட் நீரேற்று நிலையம் 1980கள் கடைசில இருந்தே இதே வேலைய தண்ணிய வச்சு செஞ்சுக்கிட்டு இருக்கு, குந்தாவுல இன்னொரு 500 மெகாவாட் வேலை நடக்குது, அதனால சேமிப்புங்குறது நமக்கு புது விஷயமே இல்ல.

திருத்தம்னு சொன்னது இங்கதான். பேட்டரி ஆதரவாளர்கள் நாலு மணி நேர பேட்டரிய வச்சு அஞ்சு யூனிட்டையும் தூக்கிடலாம்னு சொல்றாங்க, அது நடக்காது. ஏப்ரல் புழுக்கத்துல பத்து மணிக்கு பேட்டரி காலியானா ஒரு மணி வரைக்கும் ஏசி லோடை யார் தாங்குறது? அதுக்குத்தான் நாலும் அஞ்சும் இருக்கணும்ங்குறேன், அதுவும் நிரந்தரமா வேண்டாம், குந்தா ஓடி, பேட்டரி எட்டு மணி நேர அளவுக்கு மலிவாகி, தென் தமிழ்நாட்டு கடல்ல காத்தாலை வர்ற வரைக்கும். கடல் காத்தாலைக்கு 2024 ஜூன்ல மத்திய அரசு 7,453 கோடி ஒதுக்குனதுல 500 மெகாவாட் தமிழ்நாட்டு பங்கு, அது எப்ப தண்ணிக்குள்ள நிக்கும்னு தெரியுற வரைக்கும் அதை நம்பி எந்த யூனிட்டுக்கும் தேதி குறிக்கக் கூடாது. அக்டோபர், நவம்பர் மழைல சோலாரும் காத்தும் சேந்து படுக்குமேன்னு கேப்பாங்க, உண்மைதான், ஆனா அப்ப தேவையும் இறங்கியிருக்கும், அணைல தண்ணியும் இருக்கும், பயப்பட வேண்டிய மாசம் அது இல்ல.

மூடுற மூணு யூனிட்டுல ஒண்ணோட ஜெனரேட்டரை மட்டும் வச்சுக்கலாம். டர்பைன்ல இருந்து கழட்டிட்டு கிரிட்டு கரண்டுலயே அதை சும்மா சுத்த விட்டா சிங்க்ரனஸ் கண்டன்சரா வேலை செய்யும், நிலக்கரி எரியாது, ஆனா வோல்டேஜை பிடிச்சு வைக்கும், ஃபால்ட் நேரத்துல தாங்கும். ஜெர்மனில பிப்ளிஸ்ங்குற அணு உலைய மூடுன பிறகு அதோட ஜெனரேட்டரை 2012ல இப்படித்தான் மாத்துனாங்க. காத்தாலை இன்வெர்ட்டர் நெறஞ்ச நம்ம மூலைக்கு இது ரொம்ப பொருத்தம். ஆனா ரோட்டாரும் வைண்டிங்கும் எந்த நிலைல இருக்குன்னு சோதிச்சு பாத்துட்டுத்தான் முடிவு பண்ணணும், 1979 மெஷினை விட 1982 மெஷின் கொஞ்சம் மேல்னு நினைக்கிறேன்.

இப்ப ஆளுங்க விஷயம், இதை கடைசில வச்சதால சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. நிரந்தர ஊழியருக்கு உடன்குடிக்கோ வேற நிலையத்துக்கோ மாத்தல் கிடைச்சிரும். நிலக்கரி இறக்குறதுலயும், சாம்பல் கையாளுறதுலயும், சாரம் கட்டுறதுலயும், வெல்டிங்குலயும் இருக்குற காண்ட்ராக்ட் ஆளுங்களுக்கு காண்ட்ராக்டர் மாறுனாலே வேலை போயிரும், யூனிட் மூடுனா கேக்கவே வேண்டாம். மூணு வருஷம் முன்னாடி தேதி சொன்னா அந்த வெல்டர், எலக்ட்ரீசியன், ரிக்கர் எல்லாரையும் பேட்டரி, சோலார், துறைமுக வேலைக்கு பழக்க முடியும், பேர் பட்டியல் எடுத்து யார் யாருக்கு என்னன்னு எழுத முடியும். சொல்லாம ஒரு நாள் பூட்டு போட்டா எந்த திட்டமும் அவங்களை போய் சேராது. பக்கத்துல சாம்பல் வாங்கி பிரிக்ஸ் போடுற சின்ன யூனிட்டுக்காரங்களும் இந்த கணக்குல வரணும், அவங்களுக்கு கச்சாப்பொருளே இங்கிருந்துதான்.

சாம்பல் குளமும் அப்படித்தான். ஒரு 210 மெகாவாட் யூனிட் ஃபுல்லா ஓடுனா ஒரு நாளைக்கு 3,700 டன் பக்கம் நிலக்கரி, அதுல 1,300 டன்னுக்கு மேல சாம்பல். சிமெண்டுக்கும் பிரிக்ஸுக்கும் போனது போக 45 வருஷமா மிஞ்சுனது கடலோரத்துல குமிஞ்சு கிடக்கு. யூனிட்டை மூடுனா புது சாம்பல் நிக்கும், பழையது அங்கயேதான் இருக்கும், 2023 டிசம்பர் மாதிரி காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுன மழை திரும்ப வந்தா அது எங்க போகும்னு சொல்லத் தேவையில்ல. அதை எடுத்து சீர் பண்ற செலவை மூடுற செலவோட சேத்து இப்பவே எழுதி வைக்கணும். யூனிட் நின்ன பிறகு வருமானம் இல்லாத இடத்துக்கு எந்த அதிகாரியும் காசு ஒதுக்க மாட்டாரு.

மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துல கட்டண விசாரணை வர்றப்ப பொதுமக்கள் யாரும் எழுதிக் குடுக்கலாம், நேர்ல பேசலாம். "தெர்மலை மூடு", "மூடாதே"ன்னு எழுதுறதை விட யூனிட் வாரியா கேளுங்க. ஒவ்வொரு யூனிட்டும் மார்ச்ல இருந்து மே வரைக்கும் சாயங்காலம் ஆறுல இருந்து பத்து வரை எத்தனை மணி நேரம் உண்மையா ஓடுச்சு, எத்தனை டியூப் லீக், தீ வைக்க எவ்வளவு எண்ணெய் குடிச்சது, ஒரு யூனிட் கரண்டுக்கு எத்தனை கிலோ நிலக்கரி, அதே நேரத்துக்கு பேட்டரி டெண்டர்ல என்ன விலை வந்துச்சு. இந்த அஞ்சு தகவலும் அஞ்சு யூனிட்டுக்கும் தனித்தனியா கிடைச்சா போதும், முதல் மூணுக்கு ஒரு முடிவும் மத்த ரெண்டுக்கு வேற முடிவும்தான் வரும்னு நான் நம்புறேன். வரலன்னாலும் பரவாயில்ல, அப்பவாவது ஊகத்தை விட்டுட்டு கணக்கை வச்சு சண்டை போடலாம்.